கிரெடிட் கார்டு பாயிண்டுகளை விமான மைல்களாக மாற்றுவதில் உண்மையிலேயே ஆதாயம் உண்டா, பணமாகவே எடுத்துக்கொள்வது மேலா?

ஆதாயம் உண்டு, ஆனால் எல்லா டிக்கெட்டுக்கும் கிடையாது. நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், சேஸ், அமெக்ஸ், கேபிடல் ஒன் போன்ற ஏதோ ஒரு வங்கியின் கார்டை வைத்திருக்கிறீர்கள், மாதாமாதம் பில்லை முழுவதுமாகக் கட்டிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பில்லில் பாதியைக் கட்டி மீதியைத் தள்ளிப்போடுபவராக இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு இருபது சதவீதத்துக்கும் மேல் போகும் வட்டியை எந்தப் பாயிண்டாலும் ஈடுகட்ட முடியாது.

பாயிண்டை இலவசப் பொருளாக நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். சேஸ் பாயிண்ட் ஒன்றைப் பணமாக எடுத்தால் ஒரு சென்ட் கிடைக்கும். அதாவது 1,00,000 பாயிண்ட் என்பது கையில் இருக்கும் 1,000 டாலர். அதை விமான நிறுவனத்துக்கு அனுப்பும்போது அந்த 1,000 டாலரைச் செலவழிக்கிறோம் என்ற எண்ணம் இருக்க வேண்டும். வங்கிக்கு வங்கி இந்த அடிவிலை மாறும். கேபிடல் ஒன் மைலைப் பணமாக்கினால் அரை சென்ட்தான். அமெக்ஸ் பாயிண்டைக் கார்டு பில்லில் கழித்தால் 0.6 சென்ட். ஆகையால் அந்த இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு மாற்றுவதில் இயல்பாகவே ஆதாயம் கூடும். சேஸ் வைத்திருப்பவர்தான் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். 2023-இல் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதற்காக நியூவார்க்கிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்து பிரசவமாகி அதிக காலம் ஆகவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானில், அதன் கூட்டணியில் இருக்கும் லுஃப்தான்ஸா விமானங்களையும் பதிவு செய்யலாம். அதில் அன்றிருந்த அட்டவணைப்படி, வட அமெரிக்காவிலிருந்து 8,000 மைலுக்கு மேற்பட்ட இந்தியப் பயணத்துக்கு ஒருவழிக்கு எகானமியில் 70,000 பாயிண்ட், பிசினஸில் 1,00,000 பாயிண்ட். நியூவார்க், பிராங்க்பர்ட், சென்னை என்ற வழி இந்தத் தொலைவுக்குள்தான் வருகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நாங்கள் போன பருவத்தில் எகானமி ஒருவழி டிக்கெட் ஏறக்குறைய 800 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு 70,000 பாயிண்டும் வரியும் கொடுப்பதென்றால், 700 டாலரையும் வரியையும் கொடுத்து 800 டாலர் டிக்கெட் வாங்குவதாகிறது. அதைவிடப் பணம் கொடுத்து வாங்கினால் கார்டில் புதிதாகப் பாயிண்டாவது சேரும். பிசினஸ் டிக்கெட்டோ 3,000 டாலருக்கு மேல். “ஒரு பாயிண்டுக்கு மூன்று சென்ட் கிடைத்தது” என்று எழுதிவிடலாம்தான், ஆனால் 3,000 டாலர் கொடுத்து நான் ஒருநாளும் அந்த இருக்கையை வாங்கியிருக்க மாட்டேன். வழியில் தங்கிச் செல்வதற்கான 5,000 பாயிண்டையும் சேர்த்து ஆளுக்கு 1,050 டாலர் மதிப்புள்ள பாயிண்டும் 150 டாலருக்குள் வரியும் ஆயிற்று. எகானமிக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையைவிட ஆளுக்கு ஏறத்தாழ 400 டாலர் கூடுதலாகக் கொடுத்து, நீட்டிப் படுக்கும் இருக்கையை வாங்கினோம் என்பதே நேர்மையான கணக்கு. மனைவியின் உடல்நிலைக்கு அது தகும். திரும்பி வரும்போது அவள் நன்றாகத் தேறிவிட்டதால் பணம் கொடுத்து எகானமியில் வந்தோம்.

அந்த 5,000 பாயிண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரோபிளானில் ஒருவழிப் பயணத்திலேயே இடையில் ஓர் ஊரில் இறங்கிச் சில நாள் தங்க அவ்வளவுதான் கேட்கிறார்கள். மனைவியின் அக்கா ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். பிராங்க்பர்ட்டில் இறங்கி ரயில் ஏறினால் அவர் வீடு. கைக்குழந்தை விஷயத்தில் கிடைத்த ஆதாயம் இதைவிடப் பெரியது. பல நிறுவனங்கள் மைல் டிக்கெட்டிலும் மடியில் உட்காரும் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதத்தைப் பணமாகக் கேட்கும். பிசினஸ் டிக்கெட்டுக்கு அது முந்நூறு டாலருக்குக் குறையாது. ஏரோபிளானில் ஒருவழிக்கு 25 கனடிய டாலர் அல்லது 2,500 பாயிண்ட் போதும். மேலும், கூட்டணி விமானங்களுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் வாங்குவதை 2020-இலேயே நிறுத்திவிட்டார்கள். பதிவுக் கட்டணம் 39 கனடிய டாலர் மட்டும் உண்டு. வேறு சில திட்டங்களில் அதே பயணத்துக்கு மைல்களையும் வாங்கிக்கொண்டு, கூடுதல் கட்டணமாகப் பல நூறு டாலரையும் வாங்குவார்கள். எத்தனை மைல் என்பதை மட்டும் பார்த்து மயங்காமல், பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாற்றும் முறையில் ஒரே ஒரு விதியைத்தான் நான் விடாப்பிடியாகச் சொல்வேன்: இருக்கையைக் கண்ணால் பார்க்காமல் பாயிண்டை அனுப்பாதீர்கள். அனுப்பியது வங்கிக்குத் திரும்பி வராது. ஏரோபிளான் தளத்தில் ஓர் இருக்கை தெரிந்தால், அதே நாளுக்கு அதே விமானம் யுனைடெட் ஏர்லைன்ஸ் தளத்திலும் மைலுக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். ஏர் கனடா, யுனைடெட் இரண்டும் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் இருப்பதால் பெரும்பாலும் தெரியும். ஒன்றில் மட்டும் தெரிந்து, பதிவு செய்யப் போகும்போது காணாமல் போகும் மாய இருக்கைகள் உண்டு. இரண்டிலும் தெரிந்த பிறகு, எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் அனுப்புவேன். சேஸிலிருந்து ஏரோபிளானுக்குச் சில நிமிடங்களில் போய்விடும். “இந்த மாதம் அனுப்பினால் முப்பது சதவீதம் கூடுதல்” என்று வங்கி அறிவிக்கும்போதும் இதே விதிதான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் அனுப்பி வைத்த மைல், அந்த விமான நிறுவனம் விலையை ஏற்றும் நாளில் தேய்ந்துவிடும். எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் அட்டவணையையே யுனைடெட் 2019-இல் எடுத்துவிட்டது. வங்கியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் குவித்து வைப்பதும் சரியல்ல. இந்தியாவில் ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் ஐந்து பாயிண்டுக்கு நான்கு மைலாக இருந்த மாற்று விகிதம் 2023 செப்டம்பர் 1 முதல் ஐந்துக்கு இரண்டானது. சேர்த்து வைத்தவர்களுக்கு ஒரே அறிவிப்பில் பாதி மதிப்புப் போயிற்று.

நம்மவர்களுக்கு அதிகம் நேரும் ஒரு தொல்லையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் விமான நிறுவனக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் பாயிண்ட் போய்ச் சேரும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் ஓரிடத்தில் ஓர் எழுத்தாக நிற்கும். இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து முன்னால் போய் உட்காரும். பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே கொடுத்த பிறகும், பெயர் பொருந்தவில்லை என்று ஒரு விமான நிறுவனம் என் கணக்கை முடக்கி வைத்தது. பாஸ்போர்ட் நகல், விளக்கக் கடிதம் என்று அனுப்பிச் சரிசெய்வதற்குள் பார்த்து வைத்திருந்த இருக்கை போய்விட்டது. அப்பா பெயரைத் தாங்கி வருவது உலகில் எத்தனையோ மக்களின் வழக்கம். அதை இன்னும் ஐயத்தோடு பார்க்கும் ஒரு முறையை இத்தனை பெரிய நிறுவனங்கள் ஏன் மாற்றிக்கொள்ளாமல் இருக்கின்றன என்பது எனக்கு ஆற்றாமைதான். நீங்கள் இன்றைக்கே எல்லாக் கணக்குகளிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். அவசரத்தில் இது நடக்காது.

“இதற்கெல்லாம் செலவழிக்கும் நேரத்துக்கு என்ன கூலி?” என்று கேட்பவர்கள் வருவார்கள். நியாயமான கேள்விதான். தேடுவது பிடிக்காதவர்கள் பணமாக எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. பாயிண்டை மைலாக மாற்ற வழிவிடும், ஆண்டுக்கு 95 டாலர் வாங்கும் சேஸ் சஃபையர் பிரிஃபர்டு கார்டு கூட அவர்களுக்குத் தேவையில்லை. கார்டை விற்றுத் தருவதற்காகப் பேசுகிறேன் என்றும் யாரும் எண்ண வேண்டாம். தங்கள் இணைப்பின் வழியே கார்டு வாங்கினால் கமிஷன் பெறுபவர்கள்தான் பிசினஸ் டிக்கெட்டின் முழு விலையையும் ‘மிச்சம்’ என்று காட்டுவார்கள். இந்தப் பதிலில் அப்படி ஓர் இணைப்பும் இல்லை.

நீங்கள் குழந்தைகளோடு டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போக நினைத்துக் கேட்டிருந்தால் என் பதில் இதுதான். அந்த நாட்களில் நான்கு இருக்கைகள் ஒன்றாக மைலுக்குக் கிடைப்பது மிக அரிது; ஏறத்தாழ பதினொரு மாதம் முன்பே, அந்த நாட்களுக்கான முன்பதிவு திறக்கும்போது தேடினால் இரண்டு கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் விமானத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, பாயிண்டை ஹயாத் விடுதிகளுக்கு அனுப்பப் பாருங்கள். சேஸிலிருந்து ஒன்றுக்கு ஒன்று மாறும். நாங்கள் தங்கிய காலத்தில் மிகக் குறைந்த பாயிண்ட் கேட்கும் ‘முதல் வகை’ விடுதிக்குச் சாதாரண நாளில் இரவொன்றுக்கு 5,000 பாயிண்ட், கூட்டம் குறைந்த நாளில் 3,500. அதே அறை 130 டாலருக்கு விற்றால் ஒரு பாயிண்டுக்கு இரண்டரை சென்டுக்கு மேல் வருகிறது. அந்த 130 டாலரை எப்படியும் கொடுத்துத் தங்கியிருக்கப் போகிறவர்கள் என்பதால், இந்தக் கணக்கில் ஊதிக் காட்டுவதற்கு எதுவும் இல்லை.