பழைய கொட்டகையில் கிடைத்த மஸராட்டி இன்ஜின் 250எஃப் பந்தயக் காருடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தாலியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கொட்டகையில் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று கிடக்கிறது, மூடியில் மஸராட்டி என்று வார்த்திருக்கிறது, மேலே வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், எண் இருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது, இது பந்தய வீரர் ஃபாஞ்சியோ ஓட்டிய 250எஃப் காரின் இன்ஜினாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோடெனா பக்கம் பழைய இன்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தை, அளந்து பாருங்கள். எண், மூடி, எழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் ஒரே ஒரு இன்ஜினுக்கு மட்டும் உரியவை அல்ல. ஐம்பதுகளில் மஸராட்டி செய்த ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் பல, கொட்டகை இருட்டில் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். 1954இல் வந்த 250எஃப் ஃபார்முலா ஒன் காருக்கு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 84 மி.மீ., ஸ்ட்ரோக் 75. மொத்தம் 2,493 சி.சி. அதிலிருந்து பிறந்த 300எஸ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் போர் அதே 84தான். ஸ்ட்ரோக்கை மட்டும் 90 ஆக்கி 3 லிட்டரை எட்டினார்கள். அதனால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி போரை மட்டும் அளந்தால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. போர் தேயும், கடைந்து பெரிதாக்குவார்கள், உள்ளுறையான லைனரை மாற்றுவார்கள். ஸ்ட்ரோக் அப்படியல்ல, அது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலேயே கடைந்து வைத்த அளவு. எழுபது வருடம் ஆனாலும் மாறாது.

அளப்பதற்கு ஹெட்டைத் தொட வேண்டாம். ப்ளக் துளை வழியாகக் கம்பி விட்டு அளக்கவும் வேண்டாம். துளை சாய்வாக இருந்தால் அளவு பொய்யாகும். எல்லா ப்ளக்கையும் கழற்றிவிட்டு, உள்ளே ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடுங்கள். இன்ஜினை ஸ்டாண்டில் தலைகீழாகத் திருப்பி, அடியில் உள்ள எண்ணெய்த் தட்டான ஸம்பைக் கழற்றுங்கள். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ஒரு கனெக்டிங் ராடின் அடிமூடி தெரியும். கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, அந்த மூடி பிளாக் விளிம்பிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து கொள்ளுங்கள். பிறகு அரைச் சுற்று சுற்றி, வெளியே வரும் எல்லையில் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். மூடி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், நீட்டிய அளவைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். கிராங்க் சுற்றவில்லை என்றால் நீளமான ஸ்பேனர் போட்டு இழுக்காதீர்கள். அதற்கு மேல் கைதேர்ந்த பட்டறை பார்த்துக்கொள்ளட்டும்.

100 மி.மீ. வந்தால்? அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். 1957இல் வெளிவந்த 3500 ஜிடி சாலைக் காரின் இன்ஜினில் போர் 86, ஸ்ட்ரோக் 100. அதற்கும் ஆறு சிலிண்டர், இரட்டை கேம், இரட்டை ப்ளக். அந்தக் கார் இரண்டாயிரத்துக்கு மேல் விற்றது, ஆகவே கொட்டகைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். 106 அல்லது 110 என்றால் அதே வழியில் பின்னால் வந்த 3.7, 4 லிட்டர் சாலை இன்ஜின்கள். ஆனால் 100 வந்ததும் ஆசையை விட்டுவிடாதீர்கள். 3500 ஜிடிக்கு மூலமான 350எஸ் பந்தய இன்ஜினும் அதே 86க்கு 100தான். அப்போது எண்ணெய் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். சாலைக் காரில் எண்ணெய் இன்ஜினுக்கு அடியிலேயே, ஆழமான ஸம்பில் நிற்கும். பந்தய இன்ஜினில் அடித்தட்டு மெலிந்திருக்கும். எண்ணெயை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும் பம்ப்பும் அதற்கான குழாய் வாய்களும் இருக்கும். 72 வந்தால் 2 லிட்டர் குடும்பம், ஏ6ஜிசிஎஸ் போன்றவை. அதுவும் அரிய சரக்குதான்.

75 வந்தாலும், கிராங்க்கை மட்டும் பின்னால் யாராவது மாற்றியிருக்கலாமே என்று சந்தேகப்பட வேண்டியது நியாயம். பந்தய இன்ஜின்களில் பாகங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. எனவே இன்னொரு சாட்சி வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஸ்டார்ட்டர். 250எஃப் காரிலேயே ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. மெக்கானிக்குகள் வெளியிலிருந்து கிளப்பிவிட வேண்டும், இல்லையென்றால் தள்ள வேண்டும். 300எஸ் ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளப்ப வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும். அதனால் ஸ்டார்ட்டர் பொருந்தும் இடம், ஃப்ளைவீலைச் சுற்றிப் பல், டைனமோவுக்குத் தாங்கி என்றெல்லாம் இருக்கும். இவற்றில் எதற்குமே இடம் விடாத வார்ப்பு, 75 மி.மீ. கிராங்க், முன்னால் கேம்களைச் சுற்றும் பல்சக்கர வரிசை என்று மூன்றும் ஒன்றாக அமைந்தால், என் இதயம் வேகமாகத் துடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

வெபர் கார்புரேட்டர் கூடவே கிடந்தால், அதில் எரிபொருள் பாயும் துளைத் திருகுகளான ஜெட்களையும் பத்திரப்படுத்துங்கள். 1957 வரை ஃபார்முலா ஒன்னில் மெத்தனால் கலந்த எரிபொருள்தான் ஓடியது. அது பெட்ரோலைவிட மிக அதிகமாகக் குடிக்கும், அதற்கேற்ப ஜெட் துளையும் பெரிது. 1958இல் விமான பெட்ரோலைக் கட்டாயமாக்கினார்கள். 1957 ஆகஸ்ட் 4 அன்று நூர்பர்க்ரிங்கில் ஃபாஞ்சியோ இரண்டு ஃபெராரிகளையும் துரத்திப் பிடித்தபோது அவருடைய 250எஃப் குடித்ததும் அந்தப் பழைய கலவையைத்தான்.

எண் தேய்ந்த இடத்தைச் சுரண்டாதீர்கள், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யாதீர்கள். உப்புத்தாள் பட்ட பரப்பில் பிறகு எந்த எண் தெரிந்தாலும் வாங்குபவர் நம்ப மாட்டார். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். வார்ப்பின் உள்பக்கம் புடைத்திருக்கும் பாக எண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் போலியாகச் செய்வது, குத்தும் எண்ணைவிட மிகக் கடினம். அளவுகளோடு இந்தப் படங்களை மோடெனாவில் உள்ள மஸராட்டி கிளாசிகே பிரிவுக்கு அனுப்புங்கள். இன்னொன்று, கொட்டகை உங்களுடையது அல்ல. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.