ஹோலில் அம்மாவுக்கு ஒரு பாய்

கேள்வி: பல வருடமாக வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு ஒன்று 3 கோடி ரூபாய்க்கு வந்திருக்கிறது. லிப்ட் இல்லை. ஆனால் நல்ல காற்றோட்டம், பழைய கொழும்பின் நடுவில் இருக்கிற சந்தோசம். அம்மாவுக்கு 71 வயது, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் தனியாக இருக்கிறார். அவருடைய சீதன வீட்டை விற்றால் 1 கோடி 80 இலட்சம் வரும், மிச்சத்துக்கு வங்கிக் கடன். உறுதியை என் பெயரிலும் மனைவி பெயரிலும் எழுத இருக்கிறோம். ஒரு அறை எங்களுக்கும் மகனுக்கும், மற்றது என்னுடைய ஒன்லைன் வேலைக்கு. அம்மா ஹோலில் படுத்துக்கொள்வார், அவருக்கு அது பிரச்சினையில்லை. முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. இந்த இடத்தில் வாங்குவது நல்ல முதலீடா? புதிய உயர்மாடிகளைப் பார்ப்பதா?
- ஒரு வாசகர், கொழும்பு 6

பதில்: தம்பி, அம்மா எங்கே படுப்பார் என்பதை ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் அந்த வரியை விட்டு நகர மாட்டேன்.

3 கோடியில் 1 கோடி 80 இலட்சம் அம்மாவின் காசு. ஐந்தில் மூன்று பங்கு. அவ்வளவு கொடுக்கிறவருக்கு அந்த வீட்டில் கதவுள்ள ஒரு அறை இல்லை. உங்கள் கம்பியூட்டருக்கு இருக்கிறது!

பிரச்சினையில்லை என்று சொன்னது அம்மாவா, நீங்களா? அம்மாவே சொல்லியிருந்தாலும் நான் அதைச் சம்மதமாக எடுக்கமாட்டேன். பிள்ளை கேட்டால் எங்கள் அம்மாமார் "எனக்கென்ன, ஒரு மூலை போதும்" என்றுதான் சொல்லுவார்கள். ஹோலில் படுப்பது எப்படியென்று யோசித்தீர்களா? டிவி நிற்கும்வரை, வந்த விருந்தாளி எழும்பும்வரை உடம்பைச் சாய்க்க முடியாது. விடிய நீங்கள் எழும்ப முதல் பாயைச் சுருட்ட வேண்டும். சேலை மாற்றக் குளியலறைக்குள் போக வேண்டும். காய்ச்சல் வந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கக் கிடக்க வேண்டும். 1995 இடப்பெயர்வையும் கண்டு, திரும்பி வந்து, அதே ஊரில் தன் வீட்டுக்குத் தானே திறப்பு வைத்திருந்த தலைமுறை அது. அந்த மனுசியை இந்த வயதில் விருந்தாளியாக்கப் பார்க்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை எனக்கும் பிடித்த இடம். 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம், லூசியாள் பேராலயம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோவில், ஆடிவேல் புறப்படுகிற செட்டியார் தெரு, எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். ஆனால் அவை எல்லாம் கீழே, தெருவில் இருக்கின்றன. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் அம்மா கிழமைக்கு எத்தனை தரம் இறங்கி ஏறுவார்? கோவில் மணி கேட்கும், கோவிலுக்குப் போக முடியாது.

இனி உறுதி. சீதன வீட்டை விற்றுக் கையெழுத்து வைத்த அன்றோடு அம்மாவின் பெயரில் எதுவும் இல்லை. நாளை உங்களுக்கு ஏதும் நடந்தால், உங்கள் பிள்ளை இருக்கும்போது உங்கள் பங்கு அம்மாவிடம் வராது. பெற்றவரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, முறையிடச் சபையும் இருக்கிறது. எந்தத் தாய் மகனுக்கு எதிராக அங்கே போய் நிற்பாள்? ஆகவே அம்மாவின் காசு போகிறதென்றால் உறுதியில் அவர் பெயரும் போக வேண்டும், ஐந்தில் மூன்று பங்கென்று எழுதி. மருமகள் முகம் சுளிப்பாள் என்று பயந்தால் அந்தக் காசைத் தொடாதீர்கள். சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கிற உரிமையை மட்டும் எழுதிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்லுவார்கள். தன் சொத்தை விற்றுக் கொடுத்தவருக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

நீங்கள் கேட்ட முதலீட்டுக்கும் சொல்கிறேன். பழையதா புதியதா என்பதைவிடக் கடதாசிதான் முக்கியம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டடத்தின் வரைபடம் பதியப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதியாவிட்டால் அந்த ஒரு வீட்டுக்கென்று தனி உறுதி முடிக்க முடியாது, வங்கியும் கடன் தராது. உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் கடந்த முப்பது வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். விற்பவர் கொண்டுவருகிற நொத்தாரிசு வேண்டாம். சோலைவரி பாக்கி இருக்கிறதா, தொடர்மாடியைப் பராமரிக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒழுங்காக நடக்கிறதா, மாதக் காசை எல்லாரும் கட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். கூரை ஒழுகினாலும் தண்ணீர்த் தாங்கி வெடித்தாலும் அது எல்லாருடைய செலவு. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடிக்குக் கிட்டத்தட்ட 12 இலட்சம் வரும், நொத்தாரிசுக் காசு வேறு. உங்கள் கணக்கில் அதைக் காணவில்லை.

முற்பணம் கொடுக்காதீர்கள். மனைவியையும் புரோக்கரையும் விட்டுவிட்டுத் தனியாக யாழ்ப்பாணம் போங்கள். போனில் கேட்கிற விசயமில்லை இது. "வீட்டை விற்பமா அம்மா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஓம் என்றுதான் பதில் வரும். "நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டு, அவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருங்கள். கொழும்புக்கு வர விருப்பமென்றால் கூட்டிவந்து அந்தப் படிகளில் ஏறச் சொல்லிப் பாருங்கள். லிப்ட் உள்ளதாகவோ கீழ்மாடியாகவோ கொட்டாஞ்சேனையிலேயே தேடுங்கள். இரண்டு அறைதான் கிடைத்ததென்றால் ஒன்று அம்மாவுக்கு, உங்கள் மேசை ஹோலுக்கு. வரமாட்டேன் என்றால் கோண்டாவில் வீட்டை அவர் கண்மூடும்வரை விற்கக்கூடாது. கடனுக்குள் அடங்குகிற சின்ன வீடொன்றை வத்தளைப் பக்கம் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் இன்னும் சில வருடம் வாடகைக்கே இருங்கள்.