மூன்று மார்க், ஒரு ஆபரேஷன், ஒரு காய்ச்சல்

கேள்வி: எனக்கு வயது 27, ஊர் விருதுநகர். சிஏ ஃபைனலில் முதல் குரூப் முடித்துவிட்டேன். இரண்டாவது குரூப்தான் மூன்று தடவையாகக் கைநழுவுகிறது. 2024 நவம்பரில் 57, 47, 43 என மொத்தம் 147. தேற 150 வேண்டும், மூன்று மார்க்கில் போனது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் என்று தேர்வை நடுவில் தள்ளிவைத்தார்கள். புதிய தேதி அப்பாவின் இதய ஆபரேஷன் வாரத்தில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே போய் எழுதினேன், தேறவில்லை. செப்டம்பரில் இரண்டு பேப்பர் எழுதிவிட்டு, மூன்றாவது பேப்பர் அன்று காலை டெங்குவோடு அட்மிட் ஆனேன். டைரக்ட் டாக்ஸில் 66 வாங்கியும் எக்ஸெம்ப்ஷன் கிடைக்கவில்லை. எல்லாம் என் ராசி. அஷ்டமச் சனி, இரண்டு வருஷம் பொறு என்கிறார்கள் வீட்டில். ஒரு பருப்பு மில்லில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பரீட்சையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த 66-ஐப் பார்த்ததும் மனசு கனத்துப் போனது. ஒரு பேப்பரில் 60 எடுத்தால் அடுத்த மூன்று அட்டெம்ப்ட்டுக்கு அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குரூப்பின் எல்லாப் பேப்பருக்கும் போய் உட்கார்ந்திருந்தால்தான் அந்தச் சலுகை என்பது பலருக்குத் தெரியாது. அடிபட்ட பிறகே தெரிந்துகொள்கிறார்கள். இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: தலைவலி, சாதாரணக் காய்ச்சல் என்றால் ஹாலுக்குப் போய்த் தெரிந்ததை எழுதிவிட்டு வாருங்கள். டெங்கு அப்படியல்ல. நீங்கள் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் சரி. அதை நினைத்து இனிமேல் ஒரு நிமிஷமும் வருந்தாதீர்கள்.

நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'என் ராசி' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். பிரித்துப் பார்ப்போம். அப்பாவின் ஆபரேஷனும் டெங்குவும் நம் கையில் இல்லை. அந்த மே மாதத் தள்ளிவைப்பில் நாடு முழுக்கப் பிள்ளைகள் தவித்தார்கள். உங்களுக்கு அதோடு அப்பாவின் கவலையும் சேர்ந்தது. அந்த இரண்டு முடிவுகளை வைத்து உங்கள் படிப்பை எடை போட முடியாது. எடை போடக்கூடியது அந்த 147 ஒன்றுதான். அதை மட்டும் கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்று பேப்பரிலும் 40 தாண்டிவிட்டீர்கள், மொத்தத்தில் 150 வரவில்லை. அப்படியானால் பாடம் தெரியாமல் போகவில்லை, ஏதோ ஓரிடத்தில் மார்க் ஒழுகியிருக்கிறது. எனக்கு 43-தான் உறுத்துகிறது. அது ஐபிஎஸ், அதாவது இன்டக்ரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ்; புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதும் பேப்பர். பல பேர் அந்தத் தைரியத்தில் எழுதிப் பார்க்காமலே போய், நாலு மணி நேரத்தில் பாதியைப் பக்கம் புரட்டியே கழித்துவிடுகிறார்கள். அப்புறம் எம்சிக்யூ, கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். இரண்டு டாக்ஸ் பேப்பரிலும் தலா 30 மார்க் அதில்தான் இருக்கிறது, தப்புக்கு மார்க் குறைப்பதும் கிடையாது. விரிவான விடைகளை முடித்துவிட்டுக் கடைசி இருபது நிமிஷத்தில் எம்சிக்யூவுக்கு வருபவர் என்றால், இந்த முறை முதலில் அதை முடித்துவிடுங்கள். 150-ஐக் குறிவைக்காதீர்கள், 180-க்குப் படியுங்கள். காய்ச்சலும் கலவரமும் மறுபடி வரலாம், அதற்கும் சேர்த்து இடம் வேண்டும்.

சனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா திருநள்ளாறு போய் விளக்கேற்றட்டும், கூட நீங்களும் போய் வாருங்கள். நம்பிக்கை உள்ள வீட்டில் அது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு வருஷம் விட்டுப் பிடிப்பது இந்தப் படிப்புக்கு ஒத்துவராது. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 536 பிரிவுகளோடு 2025-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, 2026 ஏப்ரல் 1 முதல் அதுதான் நடைமுறை. உங்களுக்கு 66 வாங்கித் தந்த அந்தப் பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. எந்த அட்டெம்ப்ட்டுக்கு எந்தச் சட்டம் என்பதை, தேர்வை நடத்தும் சிஏ இன்ஸ்டிட்யூட்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடப் போட, கையில் இருக்கும் அறிவு பழசாகிக்கொண்டே போகும். முன்பு ஃபைனல் வருஷத்துக்கு இரண்டு முறைதான். 2025 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று முறை நடக்கிறது. ஒரு வாய்ப்பு போனால் நாலே மாதத்தில் அடுத்தது.

மில் வேலை? ஆபரேஷன் செலவுக்குப் பிறகு வீட்டில் பணம் தேவை என்றால் சேருங்கள், தப்பே இல்லை. ஆனால் சேரும் முன்பே முதலாளியிடம், தேர்வுக்கு முன்னால் 45 நாள் லீவு வேண்டும் என்று பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. மாதாமாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காகக் கணக்கு அறை பரபரக்கும், அந்த நாட்களில் படிப்பு ஓடாது, அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு லாபமும் உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீத வரி வந்ததே, நீங்கள் புத்தகத்தில் படித்த அதைத் தினமும் பில்லில் பார்ப்பீர்கள். இன்டைரக்ட் டாக்ஸில் வாங்கிய 47-க்கு அது நல்ல மருந்து. பணம் அவ்வளவு அவசரமில்லை என்றால், தேர்வு முடிந்த மறுவாரம் சேர்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நான் அதைத்தான் விரும்புவேன்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 147 வந்தபோது மூன்று விடைத்தாள் நகலும் வாங்கினேன், இன்று வரை திறந்து பார்க்கத் தைரியமில்லை என்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறங்கள். தனியாக வேண்டாம், கூடப் படித்த ஒரு தோழியை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனா ஒன்று எடுத்துக்கொண்டு, இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட விடைகளைப் பக்கத்தில் வைத்து, எந்தக் கேள்வியில் எத்தனை போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐபிஎஸ் நகலில் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அந்தத் தாளின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.