கல்லுக்கு அடியில் ஓடுகிற பூச்சிகளை விட்டுவிடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை கோதையாற்றில் போய்ச் சேருகிறது. பிள்ளைகள் குளிக்கும்போது கல்லைப் புரட்டினால் வால் உள்ள சின்னப் பூச்சிகள் அங்கும் இங்கும் ஓடுகின்றன. பிளீச்சிங் பவுடர் தூவி, கிடக்கிற இலையையெல்லாம் வாரிவிட்டால் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள் அம்மா. பிளீச்சிங் பவுடரில் இருக்கிற குளோரின் அந்தப் பூச்சிகளின் செவுளைப் பொசுக்கிவிடும், அதோடு நிற்காமல் கீழே இருக்கிற மீனையும் கொல்லும்.

அடுத்த தடவை கல்லைப் புரட்டும்போது கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். உடம்பு தட்டையாக, பெரும்பாலும் மூன்று வாலோடு, வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அது மேஃபிளை என்கிற பறக்கும் பூச்சியின் குஞ்சு. இரண்டே வால், செவுள் கால் முளைக்கிற இடத்தில் என்றால் ஸ்டோன்ஃபிளை என்கிற இன்னொரு பூச்சியின் குஞ்சு. ஆக்சிஜன் நிறைய உள்ள, ஓடுகிற தண்ணீரில்தான் அது பிழைக்கும். மணலைத் தன் எச்சிலில் வருகிற பட்டுநூலால் ஒட்டிக் குழாய் மாதிரிக் கூடு கட்டிக்கொண்டு நகர்வது கேடிஸ் என்கிற பூச்சியின் புழு. இதெல்லாம் இருந்தால் உங்கள் ஓடை நல்ல நிலையில் இருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

இலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரநிழலில் ஓடுகிற மலையோடையில் வெயில் விழாது, பாசி அதிகம் வளராது. அங்கே சாப்பாடு என்பதே மேலிருந்து விழுகிற இலைதான். முதலில் பூஞ்சை பிடித்து இலை மென்மையாகும், அப்புறம் நண்டும் சில கேடிஸ் புழுக்களும் அதைக் கடித்துக் கிழிக்கும், கிழிந்த தூள் தண்ணீரோடு போக, கீழே கல்லிடுக்கில் வலை கட்டிக் காத்திருக்கிற வேறு கேடிஸ் அதை அரித்துத் தின்னும், அதை மீன் தின்னும். நத்தை பாசியைச் சுரண்டும், தும்பியின் குஞ்சு கொசுப் புழுவைப் பிடிக்கும். வளர்ந்து இறக்கை முளைத்து வெளியே வருகிற பூச்சிகளைச் சிலந்தியும் வௌவாலும் தகைவிலான் குருவியும் பிடித்துத் தின்னும், அப்படித்தான் காட்டு இலையின் சத்து மறுபடி காட்டுக்கே போகிறது. நீங்கள் இலையை வாரினால் இத்தனை பேரும் பட்டினி. பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்குங்கள், அது போதும்.

கேள்வி: ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்துத் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் ரத்தச் சிவப்பாகப் புழுக்கள் நெளிகின்றன. கடிக்குமா?
– வாசகர், திருவட்டார்

பதில்: கடிக்காது. கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு ஈயின் புழு அது. நம் ரத்தத்தில் இருப்பது போலவே அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு, அதனால்தான் அந்தச் சிவப்பும், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கிற தைரியமும். பயப்பட வேண்டியது புழுவைப் பார்த்து அல்ல. ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்தபின் மிஞ்சுகிற தண்ணீரில் ஆசிட்டோடு புரதமும் சர்க்கரையும் இருக்கும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும்போது ஓடையின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். கழிவு விழுகிற இடத்துக்கு மேலே நாலு கல், கீழே நாலு கல் புரட்டிப் பாருங்கள். மேலே மேஃபிளை, கீழே சிவப்புப் புழு மட்டும் என்றால் வேறு சாட்சி வேண்டாம், ஷீட் அடிக்கிறவரிடம் நேரில் பேசிக் கழிவை ஓடையில் விடாமல் குழியில் தேக்கச் சொல்லுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஆற்றின் தரத்தைப் பார்க்க இந்தப் பூச்சிகளுக்கு மதிப்பெண் போடுகிற முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. ஒன்று மட்டும், பெருமழை வெள்ளம் போன கையோடு பார்க்காதீர்கள், நல்ல ஓடையிலும் பூச்சி அடித்துக்கொண்டு போயிருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, தண்ணீர் தெளிந்து சில வாரம் போகட்டும்.

கேள்வி: அப்படியானால் மேஃபிளை இருக்கிற தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?
– வாசகர், பேச்சிப்பாறை

பதில்: கூடாது. பூச்சி ஆக்சிஜனைத்தான் சொல்லும், வயிற்றுப்போக்கு தருகிற கிருமியைச் சொல்லாது. கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.