கேளுங்கள், சொல்கிறேன்: அறுபதைத் தாண்டிய வீடு

கேள்வி: லார்ஷ் இல்லங்களுக்கு 2024-இல் 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடினார்களாமே. மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதில் என்ன விசேஷம்? (வாசகி, கோவை)

ஊருக்கு ஊர் இருப்பவை பெரும்பாலும் விடுதிகள். லார்ஷ் என்பது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உதவிக்கு வருபவர்களும் சேர்ந்து வாழும் வீடு. விடுதியில் பார்த்துக்கொள்பவர் ஷிஃப்ட் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். லார்ஷில் உதவிக்கு வருபவர்களில் பலர் அங்கேயே குடியிருப்பார்கள், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, முறை போட்டுப் பாத்திரம் கழுவுவார்கள்.

1964 ஆகஸ்டில், பாரிஸுக்கு வடக்கே ட்ரோஸ்லி-ப்ரெய் என்ற கிராமத்தில், ஒரு பழைய வீட்டில் இது தொடங்கியது. ழான் வனியே என்ற கனடாக்காரர், கடற்படையில் இருந்துவிட்டுப் பிறகு தத்துவம் கற்பித்தவர், அறிவுசார் குறைபாடு உள்ள ரஃபேல், ஃபிலிப் என்ற இருவரை ஒரு பெரிய காப்பகத்திலிருந்து அழைத்து வந்து கூட வைத்துக்கொண்டார். பெற்றோர் போன பிறகு காப்பகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். புது வீட்டில் கழிப்பறைகூடக் கிடையாது. லார்ஷ் என்றால் பேழை, நோவாவின் பேழை. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 150 குடியிருப்புகள் இருக்கின்றன.

அந்த முதல் நாளில் டானி என்று மூன்றாவதாக ஒருவரும் வந்திருந்தார். சமாளிக்க முடியாமல் அவரை உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விழா மேடைகளில் இருவரின் பெயரைத்தான் சொல்வார்கள், எனக்கு மூன்றாமவர் நினைப்புதான் அதிகம் வரும். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, ராத்திரி கண்விழிக்க ஆளும் அனுபவமும் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கேள்வி: அந்த ழான் வனியே பெண்களைச் சீரழித்தவர் என்று செய்தி வந்ததே. அதற்குப் பிறகும் கொண்டாட்டம் எதற்கு? (வாசகர், மதுரை)

கேட்க வேண்டிய கேள்வி. செய்தி உண்மைதான். அவர் 2019-இல் இறந்தார். லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு 2020-இல் வந்தது. பிறகு 2023-இல் வந்த பெரிய அறிக்கை, 1952-க்கும் 2019-க்கும் இடையில் குறைந்தது 25 பெண்களை அவர் ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் தன் பாலியல் தேவைக்குப் பயன்படுத்தினார் என்று சொன்னது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. அதனால் குற்றம் கொஞ்சமும் சிறிதாகிவிடாது. புனிதர் என்று உலகமே கும்பிட்ட மனிதர், ஆன்மிகப் பணிக்காகத் தரும் டெம்பிள்டன் பரிசை 2015-இல் வாங்கியவர். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை இருந்தது, செய்தி படித்த அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் அறுபது ஆண்டு அந்த வீடுகளில் எழுந்து, குளித்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்ந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு ஆண்டு விழா உண்டா இல்லையா என்பதை அவருடைய குற்றத்தை வைத்து முடிவு செய்தால், அவர்களிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்கியதாகிவிடும். அவர் படத்துக்கு மாலை வேண்டாம், பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதை மறைக்கவும் வேண்டாம். கேக் வெட்டுகிற கத்தி மட்டும் அந்த வீட்டுக்காரர்கள் கையில் இருக்கட்டும்.

அப்புறம், லார்ஷ் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு விழாவோடு முடிவதில்லை. ஒவ்வொருவருடைய பிறந்த நாளுக்கும், அவர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவருடைய குணத்தில் தங்களுக்குப் பிடித்ததை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டில் சரி, நம் ஊருக்கு ஒத்துவருமா? (வாசகர், தஞ்சாவூர்)

வந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகிறது. 1970-இலேயே பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் தொடங்கிவிட்டார்கள், பிறகு கொல்கத்தா, சென்னை என்று மற்ற ஊர்களுக்கும் வந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே வீட்டில்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, டவுன் சிண்ட்ரோம். எங்களுக்கு வயதாகிறது. எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார்? (தாய், திருநெல்வேலி)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் காகித வேலை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்தெந்தக் குறைபாடுகள் அதில் வரும், உங்கள் மகனுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் இருக்கும்போதே, உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் பேசி வையுங்கள். அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வான் என்று வாய்ச்சொல்லில் விடாதீர்கள்.

அடுத்தது வீடு. இல்லம் பார்க்கப் போனால் ஆபீஸ் ரூமில் உட்காராமல் சமையலறைக்குப் போங்கள். ஒரு சின்ன இல்லத்தில் நான் பார்த்தேன், நாற்பது வயதுக்காரர் ஒருவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஒன்றுக்கு இரண்டு நிமிடம், உரித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தில் போடுவார். சாம்பார் அதற்காகக் காத்திருந்தது, பக்கத்தில் இருந்த பெண் கையிலிருந்து பிடுங்கவில்லை. இன்னோர் இடத்தில் பதினொரு மணிக்கே எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துத் தட்டை நீட்டச் சொன்னார்கள், தட்டில் பெயர் இல்லை, எண் இருந்தது. அங்கே நான் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை.

பிடித்த இடம் கிடைத்தால் உடனே சேர்த்துவிடாதீர்கள். முதலில் ஒரு சனி, ஞாயிறு தங்கிவிட்டு வரட்டும், அப்புறம் ஒரு வாரம். அவன் திரும்பி வந்து அங்கே யாரைப் பற்றிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். போகும்போது வீட்டில் அவன் சாப்பிடும் தட்டையும் டம்ளரையும் கொடுத்து அனுப்புங்கள்.