கறுப்புக் காளைக்குச் செவலைக் கன்று பிறந்தால் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமா?

முதலில், காளையை விற்றவருக்குப் போன் போட்டுத் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கறுப்பு ஆங்கஸ் (இறைச்சிக்காக வளர்க்கிற ஓர் இனம்) காளை வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் கலப்புப் பசுக்களும் கறுப்பு, ஆனால் ஒரு கன்று செவலையாகப் பிறந்துவிட்டது, அதனால் காளை சுத்த இனம் இல்லையோ என்று கேட்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. காகிதமெல்லாம் சரியாக இருக்கிற சுத்தமான ஆங்கஸ் காளைக்குள்ளும் சிவப்பு ஒளிந்திருக்கலாம். சிவப்பு ஆங்கஸ்களுக்கு அமெரிக்காவில் 1954லிருந்து தனிச் சங்கமே இருக்கிறது, அவையெல்லாம் வானத்திலிருந்து குதிக்கவில்லை, கறுப்பு மந்தையில் பிறந்தவைதான்.

மாட்டின் நிறத்தை முடிவு செய்வதில் எம்சி1ஆர் என்று ஒரு மரபணு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. கறுப்பு வடிவம் ஒன்று வந்தாலே மாடு கறுப்பு. செவலையாக வேண்டுமென்றால் இரண்டுமே சிவப்பாக இருக்க வேண்டும். ஆக, உங்கள் காளையிடம் ஒரு சிவப்பு இருக்கிறது, கன்று போட்ட பசுவிடமும் ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட ஜோடி சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு செவலைக்கு வாய்ப்பு. பழியில் பாதி பசுவுக்கு, ஆனால் திட்டு மட்டும் முழுசாகக் காளைக்குத்தான் விழுகிறது.

நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மச்சான். இருவரும் கூட்டாக மாடு வைத்திருந்தபோது இதே மாதிரி ஒரு கறுப்புப் பசு செவலைக் கன்று போட்டது. அவர் பார்த்தவுடன், "பக்கத்துப் பண்ணைக் காளை வேலி தாண்டியிருக்கு" என்று முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தது ஹெரிஃபோர்டு காளை, சிவப்பு உடம்பும் வெள்ளை முகமும். வேலியும் ஓரிடத்தில் சாய்ந்திருந்ததா, அவருக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. நேராகப் போய் அந்த மனுஷரிடம் கத்திவிட்டு, நஷ்டஈடு வேறு கேட்டுவிட்டு வந்தார்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கன்று மூஞ்சியைப் பாருங்க மச்சான், எங்கயாவது ஒரு பொட்டு வெள்ளை இருக்கா?" ஹெரிஃபோர்டின் வெள்ளை முகம் லேசில் மறையாது, ஒரு பிரதி வந்தாலே முகம் வெளுத்துவிடும். ஆங்கஸையும் ஹெரிஃபோர்டையும் சேர்த்தால் கறுப்பு உடம்பு, வெள்ளை முகம் என்று கன்று விழுவது அதனால்தான். எங்கள் கன்றோ மூக்கிலிருந்து வால் வரை ஒரே செவலை. (பக்கத்துக் காளையே கலப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்று யாராவது கேட்பீர்கள். அது பதிவுள்ள காளை, தாய் தகப்பன் வரிசையெல்லாம் எழுத்தில் இருந்தது.) "நாலு எழுத்து படிச்சதும் பேச்சைப் பாரு" என்றார். சரி என்று கன்று, பசு, எங்கள் காளை மூன்றின் வால்மயிரையும் வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். தகப்பன் எங்கள் காளையேதான், அதனிடம் சிவப்பும் இருக்கிறது என்று வந்தது. மச்சான் அதைப் படித்துவிட்டு, "மயிரை மாத்தி வச்சிருப்பாங்க" என்றார். பக்கத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனதும் நான்தான். அவர் இன்றைக்கு வரை போகவில்லை.

சந்தேகப்பட வேண்டிய இடம் நேர்மாறானது. செவலைப் பசுவுக்கும் செவலைக் காளைக்கும் ஆங்கஸ் மாதிரி கன்னங்கரேலென்று கன்று பிறந்தால், அப்போது போய் வேலியைப் பாருங்கள்.

மரபியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எம்சி1ஆரில் கறுப்பு, சிவப்பு தவிர மூன்றாவது வடிவம் ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். பிராமன் மாட்டில் அது உண்டு, ஹெரிஃபோர்டோடு சேரும்போது புலிவரி போட்ட கன்றுகள் வருவது அதன் வேலை. சரோலே இனம் கலந்தால் கதையே வேறு. அதில் நிறத்தை வெளுக்க வைக்கிற இன்னொரு மரபணு இருப்பதால் கறுப்பு சாம்பலாகும், சிவப்பு வைக்கோல் நிறமாகும். ஷார்ட்ஹார்ன் இனத்தில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இரண்டு மயிரும் கலந்தே முளைக்கும். கேட்டவருக்கு இதெல்லாம் தேவையில்லை என்பதால் விட்டேன்.

இன்னொன்று, கறுப்பாக இருப்பதெல்லாம் ஆங்கஸ் இல்லை. அமெரிக்காவில் 1978ல் ஆங்கஸ் முத்திரை இறைச்சித் திட்டம் வந்தது, அதில் மாட்டின் தோல் பெரும்பாலும் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அப்புறம் சிமெண்டல், லிமூசின் மாதிரி செவலையாகவும் மஞ்சளாகவும் இருந்த இனங்கள்கூட அங்கே கறுப்பாகிவிட்டன. எலும்பிலிருந்து கறியைப் பிரித்த பிறகு தோல் என்ன நிறம் என்று எவனுக்குத் தெரியும்? வளர்ச்சியைப் பார்க்காமல், கன்று ஈனும்போது பசு படுகிற பாட்டைப் பார்க்காமல், நிறத்துக்காகக் காளை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். உங்களைச் சொல்லவில்லை.

விற்றவர் பரிசோதனை செய்து, சிவப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அவரிடம் கேளுங்கள், அதுவும் மயிர் கொடுத்துத் தகப்பன் யார் என்று உறுதி செய்த பிறகு. வெறுமனே கறுப்பு ஆங்கஸ் என்று சொல்லி விற்றிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. தகப்பன் இந்தக் காளைதான் என்றால், அதன் நிறத்துக்குத் தனிப் பரிசோதனை வேண்டாம், கன்றே சொல்லிவிட்டது. எல்லாக் கன்றுகளையும் இறைச்சிக்கே அனுப்புவதாக இருந்தால் பேசாமல் இருங்கள். கிடேரிகளை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், கறுப்புதான் வேண்டும் என்றால் அவற்றைப் பரிசோதியுங்கள், ஏனென்றால் சிவப்பே இல்லாத பசுவுக்குப் பிறந்தாலும் இந்தக் காளையின் கன்றுகளில் சுமார் பாதி சிவப்பைச் சுமக்கும்.

இவ்வளவும், எந்தக் கன்று எந்தப் பசுவுடையது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் செல்லும். கன்று விழுந்த அன்றே காதுவில்லை போட்டுவிட்டு நோட்டிலும் எழுதுங்கள், வில்லையை மட்டும் நம்ப வேண்டாம். நான் வாங்கிய வில்லைகள் வெயிலில் எழுத்து மங்கி, ஒரு புதரில் உரசினாலே கழன்று விழுகின்றன. விற்ற கடைக்காரரிடம் கேட்டால் மாடு தலையை அதிகம் ஆட்டுகிறது என்கிறார். மாடு தலையை ஆட்டாமல் வேறு என்ன செய்யும்?