காய்ந்ததும் மேலேறும் முன்முடி

கேள்வி: இடுப்பு வரை நீண்ட அலை முடி எனக்கு. ஒரு பக்கமாகச் சரியும் ஃப்ரின்ஜ் (நெற்றியில் விழும் முன்முடி) வெட்டிக்கொண்டேன். ஈரத்தில் புருவத்தைத் தொட்டது, காய்ந்ததும் நெற்றியின் நடுவில் நிற்கிறது. மழை வந்தால் இன்னும் மோசம்.
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ஈரமாக வெட்டியதுதான் தவறு. அலை முடி காயும்போது வளைந்து 2, 3 செ.மீ. மேலேறிவிடும். அடுத்த முறை காய்ந்த முடியிலேயே வெட்டச் சொல்லுங்கள். குட்டையான இழை புருவத்துக்குக் கீழேயும், நீளமானது கன்ன எலும்புக்குக் கீழேயும் முடியட்டும். கத்தரியை நிமிர்த்திப் பிடித்து நுனியைக் கொத்தி வெட்ட வேண்டும். நேர்கோடாக வெட்டினால் பலகை போல நிற்கும். மற்ற முடியில் லேயர் (அடுக்கடுக்கான வெட்டு) வைத்தால், அது மோவாய்க்குக் கீழே தொடங்கட்டும். அதற்கு மேலே தொடங்கினால் உச்சி குடையாக விரிந்து, நுனி எலிவாலாகும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். முன்முடி வளரும்வரை சமாளிக்க, குளித்ததும் முன்முடியை முதலில் உலர்த்துங்கள். சரிய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சீவி, டிரையரை மேலிருந்து கீழாகப் பிடியுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் உரிய பக்கம் திருப்பி, அரை நிமிடம் குளிர்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரக்காற்று இந்த வடிவத்தைக் கலைக்கத்தான் செய்யும். 2 சொட்டு சீரம் நுனிக்கு மட்டும் தடவினால் கொஞ்சம் தாங்கும். தேங்காய் எண்ணெய் பின்முடியோடு நிற்கட்டும். முன்முடியில் பட்டால், லோக்கல் ரயில் வியர்வையோடு சேர்ந்து கயிறு போல முறுக்கிக்கொள்ளும்.

ஃப்ரின்ஜுக்கு 4–6 வாரத்துக்கு ஒரு டிரிம், மற்ற முடிக்கு 10–12 வாரம் போதும்.